திருமணப் பேச்சு எடுத்தால் விலகிப்போகிறவர்

கேள்வி இதுதான்: "மூன்று வருடமாகக் காதலிக்கிறோம். பேச்சும் சிரிப்புமாக நன்றாகவே போகிறது. ஆனால் திருமணம் என்று வாயெடுத்தால் போதும், வாரக்கணக்கில் அவர் பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். பிறகு எதுவுமே நடக்காதது போல வந்து நிற்கிறார். இணையத்தில் 'அவாய்டண்ட் அட்டாச்மெண்ட்', அதாவது நெருக்கம் கூடினால் விலகிப்போகும் பிணைப்பு வகை, பற்றிப் படித்தேன். எல்லாம் அவருக்கு அப்படியே பொருந்துகிறது. அவருக்கு என் மேல் அன்பே இல்லையா? மாறுவாரா? நான் காத்திருக்கலாமா?"

அன்பில்லாமல் விலகுகிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் நீங்கள் விவரிக்கும் வகையில், நெருக்கம் கூடக் கூடத்தான் விலகலும் கூடுகிறது. அவர் மனத்தில் என்ன நடக்கிறது என்பதை முடிந்தவரை விளக்குகிறேன். ஆனால் ஒருவருடைய பயத்துக்குக் காரணம் புரிந்துவிட்டது என்பதற்காக, அந்தப் பயம் தீரும்வரை காத்திருக்கும் கடமை நம் தலையில் ஏறிவிடாது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டு நல்ல வருடங்களைத் தொலைத்தவர்கள் பலர். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீங்கள் படித்த அந்தச் சொல் பிணைப்புக் கோட்பாட்டிலிருந்து வந்தது. அதற்கு அடித்தளம் போட்டவர் ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர். குழந்தை தாயைத் தேடுவது பாலுக்காக மட்டுமில்லை, பயம் வரும்போது ஒண்டிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்பதற்காகவும்தான் என்றார். பசியைப் போலவே அதுவும் உயிரோடு பிறந்த தேவை என்பது அவர் வாதம். அதைக் கண்ணால் பார்க்கும்படி சோதித்துக் காட்டியவர் மேரி ஐன்ஸ்வொர்த். 1954-55இல் உகாண்டாவின் கம்பாலா நகரை ஒட்டிய கிராமங்களில் 26 குடும்பங்களைக் கவனித்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோரில் இன்னொரு 26 குடும்பங்களை, குழந்தை பிறந்தது முதல் ஏறக்குறைய ஓராண்டு, வீடு தேடிப் போய்ப் பார்த்தார்.

பால்டிமோரில் அவர் அமைத்த சோதனை மிக எளிமையானது. ஓர் அறை, சில பொம்மைகள், தாய், ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தை. அறிமுகமில்லாத ஒரு பெண் உள்ளே வருவார். தாய் இரண்டு முறை வெளியே போய்த் திரும்புவார். மொத்தமே இருபது நிமிடம்தான். தாய் போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, தாய் திரும்பி வரும்போது என்ன செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரும்பாலான குழந்தைகள் அழுதுகொண்டே தாயிடம் ஓடி, தோளில் முகம் புதைத்து, சற்று நேரத்தில் ஆறி, மறுபடி விளையாடப் போய்விடும். ஒரு பகுதிக் குழந்தைகள் மட்டும் வேறு மாதிரி. கதவு திறந்து அம்மா உள்ளே வருகிறாள். குழந்தை ஒருமுறை பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. கையில் இருக்கும் பொம்மையையே உருட்டுகிறது. தூக்கினால் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல், கீழே கிடக்கும் விளையாட்டுச் சாமானைக் கைகாட்டி இறங்கப் பார்க்கிறது.

பார்க்கிறவர்களுக்கு இது சமத்துக் குழந்தை. ஆனால் ஆலன் ஸ்ரூஃப், எவரெட் வாட்டர்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1977இல் இதயத் துடிப்பை வைத்து எழுதிய கட்டுரை அந்தத் தோற்றத்தைக் கலைத்துவிட்டது. அழாமல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்த குழந்தையின் இதயமும், வாய்விட்டு அழுத குழந்தையின் இதயத்தைப் போலவே படபடத்துக்கொண்டிருந்தது. ஐன்ஸ்வொர்த் வீடுகளில் கவனித்ததிலும் இதற்கு விடை கிடைத்தது. இந்தக் குழந்தைகள் தங்கள் வீட்டில் அப்படியொன்றும் அமைதியானவர்கள் இல்லை, அழுதார்கள், கோபப்பட்டார்கள். ஆனால் இவர்களின் தாய்மாரிடம், குழந்தை அணைப்புக்காக வரும்போது விலக்கிவிடும் போக்கு அதிகமாகத் தெரிந்தது. கேட்டால் தள்ளிவிடுவார்கள், கேட்காமல் பக்கத்தில் இருந்தால் இருக்கவிடுவார்கள் என்பதைப் பிள்ளை புரிந்துகொண்டுவிட்டது. ஒரு வயதில், தன் வீட்டுக்கு ஏற்றபடி அது கண்டுபிடித்த மிகச் சிறந்த வழி அதுதான்.

இதை வைத்துத் தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியின் பீலஃபெல்ட் நகரில் கிராஸ்மன் தம்பதியர் இதே சோதனையைச் செய்தபோது, குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்த விலகும் வகையில் வந்தார்கள். பிள்ளை சீக்கிரம் தன் காலில் நிற்க வேண்டும் என்பதை அந்த ஊரே வளர்ப்பு முறையாக வைத்திருந்தது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்கு மடிக்குப் பஞ்சமில்லை. பாட்டி, அத்தை, பக்கத்து வீடு என்று யாராவது தூக்கி வைத்திருப்பார்கள். நம்மிடம் இது தொடங்கும் இடம் கொஞ்சம் பிந்தியது என்று நினைக்கிறேன். "ஆம்பளப் பிள்ளை அழக்கூடாது" என்ற அதட்டல், பத்துப் பதினொரு வயதில் விடுதிப் பள்ளி, மதிப்பெண் அட்டையைத் தவிர வேறெதையும் பேசாத அப்பா. இவற்றில் வளர்ந்த எல்லோரும் இப்படி ஆவதில்லை. ஆனாலும், தேவை இருப்பதை வெளியே காட்டினால் அவமானம் என்ற பாடம் அங்கே நன்றாகவே நடத்தப்படுகிறது.

இந்தக் குழந்தைப் பருவ ஆய்வைக் காதலுக்குக் கொண்டுவந்தவர்கள் சிண்டி ஹேசனும் ஃபிலிப் ஷேவரும். டென்வர் நகரச் செய்தித்தாள் ஒன்றில் கேள்வித்தாள் வெளியிட்டு, வாசகர்கள் அனுப்பிய பதில்களில் 620ஐ ஆராய்ந்து, 1987இல் முடிவுகளை எழுதினார்கள். ஏறத்தாழ நான்கில் ஒருவர், தனக்கு நெருக்கம் சங்கடமாக இருக்கிறது, யாரையும் முழுக்க நம்பிச் சாய முடியவில்லை, காதலிப்பவர் தன்னால் முடிந்ததைவிட அதிக நெருக்கத்தை எதிர்பார்க்கிறார் என்ற விவரிப்பைத் தேர்ந்தெடுத்திருந்தார். உங்கள் காதலர் அபூர்வமான ஆள் இல்லை என்பது இதிலேயே தெரியும். ஆண்களுக்கே உரிய குணமும் இல்லை இது, பெண்களிலும் உண்டு.

1991இல் கிம் பார்தலமியூவும் லியோனர்ட் ஹோரோவிட்ஸும் விலகுகிறவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். உங்களுக்கு மிக அவசியமான பிரிவினை இது. ஒரு வகையினர், "எனக்கு யாரும் வேண்டாம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று உண்மையாகவே நம்புகிறவர்கள். இன்னொரு வகையினருக்கு நெருக்கம் வேண்டும், வேண்டும் என்று தவிப்பார்கள். கிடைக்கும் நேரத்தில் மிரண்டு ஓடுவார்கள். முதல் வகையினர் திருமணப் பேச்சை எடுத்தால் சலித்துக்கொள்வார்கள். இரண்டாம் வகையினர் அன்று இரவு உங்களைவிட அதிகம் உறக்கமில்லாமல் கிடப்பார்கள். ஒருவர் எந்த வகை என்பது விலகும்போது தெரியாது. திரும்பி வரும்போது தெரியும்.

ஆய்வகத்தில் இந்த விலகலை நேராகப் பார்த்ததும் உண்டு. ஜெஃப்ரி சிம்ப்சனும் உடன் ஆய்வாளர்களும் 1992இல் வெளியிட்டது அது. 83 காதல் இணைகளை வரவழைத்தார்கள். பெண்ணை மட்டும் ஜன்னலில்லாத இருண்ட அறை ஒன்றுக்குக் கூட்டிப்போய், அங்கிருந்த கருவிகளைக் காட்டி, சிலருக்குக் கலக்கம் தரக்கூடிய ஒரு சோதனை நடக்கப்போகிறது என்று சொல்லிவிட்டு, காதலனோடு சிறிது நேரம் உட்காரவைத்துப் படம்பிடித்தார்கள். மனத்தில் பாதுகாப்பு உணர்வு உள்ள பெண்கள், பயம் கூடக் கூடக் காதலனிடம் அதிகம் ஆறுதல் தேடினார்கள். விலகும் வகைப் பெண்கள், பயம் கூடக் கூட அதிகம் ஒதுங்கினார்கள். ஆண்களிலும் அப்படியே: விலகும் வகையினர், பக்கத்தில் இருப்பவளின் பயம் கூடியபோது கொடுத்த ஆறுதலைக் குறைத்தார்கள். கலக்கமில்லாத நேரத்தில் இவர்கள் ஒன்றும் கல்நெஞ்சர்களாக இல்லை. உங்கள் சனி, ஞாயிறுகள் இனிமையாகவும், திருமணப் பேச்சு வந்த நாட்கள் வறண்டும் இருப்பதற்குக் காரணம் இதில் இருக்கிறது. இலேசான நேரத்து அன்பு நடிப்பில்லை. தேவை என்ற ஒன்று உள்ளே வந்ததும் பழைய பாடம் வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது.

அந்தப் பாடத்தை ஒப்பிக்கக் கடும் உழைப்பு தேவைப்படுகிறது. மரியோ மிகுலின்சர் குழுவினர் 2004இல், பழைய பிரிவு ஒன்றின் நினைவை மனத்தில் அடக்கிவைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். விலகும் வகையினர் அதைப் பிரமாதமாகச் செய்தார்கள். ஆனால் கூடவே ஒரு நீளமான எண்ணையும் மனத்தில் வைத்திருக்கச் சொன்னதும், அடக்கிவைத்திருந்த நினைவுகளும், தன்னைப் பற்றிய தாழ்வான எண்ணங்களும் மேலே வந்துவிட்டன. வேலை நெருக்கடி, வீட்டில் நோய், பணக்கஷ்டம் என்று சுமை கூடும் நாட்களில் இவர்கள் மேலும் இறுகிப்போவதை இதோடு சேர்த்துப் பார்த்தால் புரியும்.

நேரில் இது எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். மிக நெருக்கமாகக் கழித்த ஒரு மாலைக்கு மறுநாள், நீங்கள் சாப்பிடும் விதம், சிரிக்கும் சத்தம் என்று ஏதாவது ஒன்று அவருக்கு உறுத்தும். "இவள் எனக்குப் பொருத்தம்தானா" என்ற கேள்வி சரியாக அந்த நேரத்தில்தான் எழும். விட்டுப்போன பழைய காதல் மட்டும் குறையில்லாததாகத் தோன்றும். கைக்கு எட்டாதது பயமுறுத்தாது அல்லவா? இந்தக் காதலும் எப்படியும் ஒருநாள் உடையத்தான் போகிறது என்ற எதிர்பார்ப்பு இவர்களிடம் கூடுதலாக இருப்பதாக 2009இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. உடையப்போவது என்று மனத்துக்குள் தீர்மானித்துவிட்டவர் அதற்குத் தேதி குறிக்க எப்படித் துணிவார்?

நெருக்கத்துக்குத் தவித்து, கிடைக்கும்போது மிரண்டு ஓடும் அந்த இரண்டாம் வகைக்கு நன்கு பதிவான ஒரு வாழ்க்கை இருக்கிறது. இறந்துபோனவருக்கு நோய்ப்பெயர் சூட்டுவது முறையில்லை, நான் அதைச் செய்யவில்லை. ஆனால் எழுத்தாளர் ஃபிரான்ஸ் காஃப்காவின் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும்விட இந்தத் தவிப்பைக் கிட்டத்தில் காட்டும் ஆவணம் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

1912 ஆகஸ்ட் 13 அன்று, பிராகில், நண்பர் மாக்ஸ் பிராடின் வீட்டில் பெலிசே பௌவரைக் காஃப்கா சந்திக்கிறார். அவள் பெர்லினில் வேலை பார்க்கும், தன் காலில் நிற்கும் பெண். செப்டம்பரில் முதல் கடிதம் போகிறது. அடுத்த ஐந்து ஆண்டுகளில் ஐந்நூறுக்கு மேல் கடிதங்களும் அஞ்சலட்டைகளும். ஒரே நாளில் இரண்டு, மூன்று எழுதிய நாட்களும் உண்டு. அவள் பதில் ஒருநாள் தாமதித்தால் துடித்துப்போவார். இத்தனைக்கும் பிராகிலிருந்து பெர்லின் ரயிலேறிப் போய்வரக்கூடிய தூரம்தான். ஆனாலும் முதல் சந்திப்புக்குப் பிறகு அவளை மறுபடி நேரில் பார்க்க அவருக்கு ஏழு மாதம் ஆயிற்று. காகிதத்தில் உயிரையே கொடுத்தவர், நேரில் பார்க்கும் வாய்ப்பைத் தள்ளிக்கொண்டே போனார்.

1913 ஜூனில் திருமணத்துக்குக் கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்திலேயே, தான் ஏன் கணவனாக இருக்கத் தகாதவன் என்பதையும் விரிவாக எழுதினார். அடுத்த மாதம் நாட்குறிப்பில், திருமணத்துக்குச் சாதகமும் பாதகமுமாக ஒரு பட்டியல் போடுகிறார். முதலில் வருவது, தனியாக வாழ்க்கையைத் தாங்க முடியாது என்பது. கொஞ்சம் கீழே, இன்னொருவரோடு கலந்துபோவதைப் பற்றிய பயம். அதன் பிறகு ஒருபோதும் தனியாக இருக்க முடியாதே என்ற கவலை. ஒரே தாளில், ஒரே கையெழுத்தில் இரண்டும்.

1914 ஜூன் 1 அன்று பெர்லினில் நிச்சயதார்த்தம். சில நாட்கள் கழித்து, தன்னைக் குற்றவாளியைப் போலக் கட்டிப்போட்டிருந்தார்கள் என்று எழுதுகிறார். ஜூலை 12 அன்று, பெர்லினின் அஸ்கானிஷர் ஹோஃப் விடுதியில், பெலிசேயும் அவள் அக்காவும் தோழி கிரேட்டே பிளாக்கும் எதிரே உட்கார, நிச்சயம் முறிந்தது. காஃப்கா தன் தரப்பில் ஏதும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். பின்னால் அதை விடுதியில் நடந்த நீதிமன்றம் என்று குறித்தார். பிறகு மீண்டும் கடிதங்கள். 1917 ஜூலையில் இரண்டாம் நிச்சயம். ஆகஸ்டில் காசநோயின் முதல் ரத்தம். டிசம்பரில் நிரந்தரப் பிரிவு. அவளை ரயிலேற்றிவிட்டு வந்தவர், மாக்ஸ் பிராடின் அலுவலக அறையில் உட்கார்ந்து தேம்பி அழுததைப் பிராட் எழுதியிருக்கிறார்.

உங்கள் முதல் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அந்த அழுகையைப் பாருங்கள். அன்பு இருந்தது. பெலிசேயின் ஐந்து ஆண்டுகள் போனதும் உண்மை. அவள் 1919இல் வேறொருவரை மணந்து இரண்டு பிள்ளைகளைப் பெற்றாள்.

அதே 1919இல் காஃப்கா தன் தந்தைக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது அவரிடம் போய்ச் சேரவேயில்லை. சிறு வயதில் ஓர் இரவு தண்ணீர் கேட்டு அழுதபோது, அப்பா தன்னைப் படுக்கையிலிருந்து தூக்கி, இரவு உடையோடு மாடி நடையில் நிறுத்திக் கதவைச் சாத்தியதை அதில் எழுதுகிறார். இந்தக் கடிதத்தை எழுதும்போது காஃப்காவுக்கு வயது 36. அந்தக் கடிதத்தில் தன் திருமண முயற்சிகள் தோற்றதைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கேட்டால் வெளியே நிறுத்தப்படுவோம் என்பது எவ்வளவு ஆழமாக ஒருவருக்குள் தங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். எழுத்துக்குத் தனிமை வேண்டியிருந்தது, உடல்நிலை கெட்டது என்ற காரணங்களும் அவருக்கு இருந்தன. எல்லாவற்றையும் அப்பாவின் மேல் போடுவது நியாயமாகாது. கடைசியில், 1923இல், டோரா டியாமண்ட் என்ற பெண்ணோடு பெர்லினில் ஒரே வீட்டில் வாழ்ந்தார். அடுத்த ஆண்டு ஜூன் 3 அன்று இறந்தார். மாறினார், நாற்பது வயதில், வேறொருத்தியோடு.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருமணப் பேச்சுக்கு நழுவும் ஒவ்வொருவரையும் பிணைப்புக் கோட்பாட்டுக்குள் அடைக்க முடியாது. உங்கள் இருவருக்கும் சாதியோ மதமோ வேறாக இருந்தால், அவர் பயப்படுவது நெருக்கத்துக்கு அல்ல, வீட்டுக்கு. சில இடங்களில் அந்தப் பயம் உயிர்ப்பயம். தங்கைக்கு இன்னும் திருமணம் ஆகவில்லை, வீட்டுக் கடன் தன் பெயரில் இருக்கிறது, அப்பா நோயாளி என்பவையும் உண்மையான தடைகள்தான். உங்களோடு வாழ விருப்பமில்லை, அதைச் சொல்லத் துணிவில்லை என்பதும் ஒரு சாத்தியம். வெளித்தடை உள்ளவர் அந்தத் தடையைப் பற்றி உங்களோடு உட்கார்ந்து பேசுவார். தடை நீங்கும் வழியில் உங்களையும் சேர்த்துக்கொள்வார். நெருக்கத்துக்கு அஞ்சுகிறவருக்கு ஒரு தடை நீங்கினால் அந்த இடத்தில் இன்னொன்று வந்து உட்காரும். முதலில் பதவி உயர்வு, பிறகு சொந்த வீடு, பிறகு "கொஞ்சம் மனசு சரியில்லை". மூன்று வருடத்துக் காரணங்களை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள்.

அப்படி எழுதிப் பார்த்தும் இது பயம்தான் என்று தோன்றினால், பேசும் விதத்தில் கவனம் வேண்டும். ஒருவர் துரத்த, மற்றவர் ஒதுங்க, ஒதுங்கியதால் இன்னும் துரத்த என்று சுழலும் சண்டையை ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் போன்றவர்கள் பல வருடம் ஆராய்ந்திருக்கிறார்கள். பதில் வராத செய்திக்குக் கீழே இன்னும் ஐந்து செய்திகள் அனுப்புவது இந்தச் சுழலில்தான் சேரும். மறுபக்கம், நிக்கோலா ஓவரால், சிம்ப்சன் குழுவினர் 2013இல் கண்டது நம்பிக்கை தருவது: துணையானவர் எதிராளியின் கருத்துக்கும் மதிப்புக் கொடுத்து, மென்மையாகப் பேசியபோது, விலகும் வகையினரின் கோபமும் ஒதுங்கலும் குறைந்தன, பேச்சும் உருப்படியாக நடந்தது.

மென்மை என்றால் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விழுங்குவது இல்லை. இப்படிச் சொல்லிப் பார்க்கலாம்: "இந்தப் பேச்சு உங்களுக்கு மூச்சு முட்டுவது போல இருக்கிறது என்று தெரிகிறது. இன்றே முடிவு சொல்ல வேண்டாம். ஆனால் பதில் சொல்லாமல் பல நாள் போவது எனக்கு வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு இதைப் பற்றி அரை மணி நேரம் பேசலாமா?" ஒதுங்க இடமும், திரும்பி வர நேரமும் இதில் சேர்ந்தே இருக்கின்றன. நடைப்பயிற்சியிலோ வண்டியிலோ பக்கத்தில் பக்கத்தில் இருந்து பேசுவது, எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிட இவர்களில் பலருக்கு எளிது.

மாறுவாரா என்றால், மாறுகிறவர்கள் உண்டு. கிறிஸ் ஃப்ரேலி 2002இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, குழந்தைப் பருவத்துப் பிணைப்பு வகை பின்னாளிலும் ஓரளவுதான் தொடர்கிறது என்று தெரிந்தது. விதி என்று சொல்லும் அளவுக்கு இல்லை. சூ ஜான்சன் 1980களில் லெஸ்லி கிரீன்பெர்க்குடன் உருவாக்கிய, உணர்வை மையமாகக் கொண்ட இணையர் சிகிச்சை இந்தச் சுழலைக் குறிவைத்தே அமைந்தது. சென்னை போன்ற நகரங்களில் இணையருக்கான ஆலோசகர்கள் இருக்கிறார்கள்; திருமணம் ஆகாதவர்களும் போகலாம். உங்களுக்கே தூக்கம் கெட்டு, வேலையில் மனம் பதியாமல் இருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

ஆனால் மாற்றம் அவருடைய வேலை. "எனக்கு ஏனோ இப்படி ஆகிறது" என்று அவரே ஒருமுறையாவது சொல்லியிருக்கிறாரா? ஒதுங்கிய பிறகு, நீங்கள் கூப்பிடாமலே, அந்தப் பேச்சுக்கே திரும்பி வருகிறாரா? ஆறு மாதத்துக்கு முன்பு பதினைந்து நாள் ஒதுங்கியவர் இப்போது மூன்று நாளில் வருகிறாரா? இவற்றில் ஒன்றிரண்டாவது இருந்தால் காத்திருப்பதில் பொருள் இருக்கிறது; அதற்கும் உங்கள் மனத்துக்குள் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள், அந்தத் தேதியை மிரட்டலாக இல்லாமல் செய்தியாக அவரிடமும் சொல்லுங்கள். ஒன்றுமே இல்லை, நீங்கள் மட்டும்தான் கட்டுரைகளாகப் படித்து அவரைப் புரிந்துகொண்டே போகிறீர்கள் என்றால், காத்திருக்க வேண்டாம் என்பதே என் கருத்து. வீட்டாரை வைத்து நெருக்கித் தாலி கட்டவைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதன் பிறகு அவர் ஒதுங்கும் இடம் அலுவலகமாகவும் கைபேசியாகவும் இருக்கும். நீங்கள் அதே வீட்டுக்குள் தனியாக இருப்பீர்கள்.

பிரிவது என்று முடிவானால் ஒன்றை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். சில வாரங்களில் அவர் திரும்பி வரக்கூடும், முன்னெப்போதும் இல்லாத கனிவோடு. அது பொய்யாக இருக்காது. நெருக்கம் கேட்கும் ஆள் போய்விட்டதால் பயமும் போய்விட்டது. பயம் மூடிவைத்திருந்த அன்பு வெளியே தெரிகிறது. அந்தக் கனிவைப் பார்த்து உடனே கதவைத் திறந்துவிட வேண்டாம். எந்தப் பேச்சில் அவர் போனாரோ அதே பேச்சை முதல் வாரத்திலேயே எடுங்கள். தேதி, வீட்டாரிடம் பேசும் நாள், ஆலோசகரிடம் போகும் நாள் என்று மூன்றையும் கேளுங்கள். பதில் சொல்லும்போது குரல் நடுங்கினாலும் பரவாயில்லை. அதற்கு அடுத்த வாரமும் அவர் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறாரா என்று பாருங்கள்.